மாலைமாற்றில் புள்ளி எழுத்தையும் சேர்த்து எண்ணணுமா? (சுழிகுளம், கோமூத்திரி பற்றியும்)

கட்டக்காரன் கேட்டது:

ஒரு சிற்றிதழின் புதிர்ப் பக்கத்தில் இந்தத் தடவை குறுக்கெழுத்துக்குப் பதிலாகச் சித்திரகவி (எழுத்தை அடுக்கி வித்தை காட்டும் பாட்டு) போடுவதாகத் திட்டம். ‘விகடகவி’, ‘தேரு வருதே’, ‘மோரு தருமோ’ எல்லாம் ஊருக்கே தெரிந்த சரக்கு. புதிதாக எழுதிய ஒரு முழுக் குறள் வெண்பா மாலைமாற்றாக, அதாவது பின்னிருந்து படித்தாலும் மாறாததாக வேண்டும். கூடவே கட்டம் போட்டுக் காட்டும்படி ஒன்றிரண்டு வகையும்.

தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில் உதாரணமாக வரும் பாட்டை அச்சாக வைத்துக்கொண்டு இதுவரை தேறியது:

நீவாட கூடுதே வாமேக ராகமே
வாதேடு கூடவா நீ

‘மேக ராகமே’ பழைய சொத்து, மறைக்கவில்லை. மொத்தம் 19 எழுத்து, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. எங்கே?

இன்னும் மூன்று சந்தேகம். புள்ளி எழுத்தை ஓர் எழுத்தாகக் கணக்கிட வேண்டுமா, விட்டுவிடலாமா? சரிபார்க்க எழுதிய சின்ன நிரல் சம்பந்தரின் மாலைமாற்றுப் பாட்டையே தவறு என்கிறது, ஏன்? ‘யாதனின் யாதனின்’ குறளை ‘உதடு ஒட்டாத குறள்’ என்று பெட்டிச் செய்தியாகப் போடலாமா?


ஏட்டுக்கட்டு:

இடிக்கும் இடம் ‘நீவாட கூடுதே’. ‘வாட’ என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சம். வல்லினம் வந்தால் மிகும்: வரச் சொன்னான், வாடக் கூடுதே. அந்தக் க் வந்து உட்கார்ந்ததும் 3-க்கும் 4-க்கும் நடுவில் ஓர் எழுத்து கூடிவிடுகிறது. கண்ணாடியில் அதற்கு நேரான இடம் ‘கூடவா’வில் கூ-வுக்கும் ட-வுக்கும் நடுவே. அங்கே க் போட்டால் ‘கூக்டவா’. தமிழில் க் தன்னோடு மட்டும்தான் மயங்கும், ட-வோடு சேராது. ஆக இந்த அடி சந்தியைத் தின்றுவிட்டுத்தான் நிற்கிறது.

மருந்து சுலபம். சொல் தொடங்கும் இடங்களில் க ச த ப வைக்காதீர்கள். ந, ம, வ, ய, ஞ வைத்தால் மிகுதி என்ற பேச்சே இல்லை. உங்கள் பாட்டில் கூ-வை நா ஆக்கினால் போதும்:

நீவாட நாடுதே வாமேக ராகமே
வாதேடு நாடவா நீ

புள்ளிக்கு வருகிறேன். யாப்பில் அசை பிரித்து அலகிடும்போது ஒற்றை (புள்ளி எழுத்தை) விட்டுவிடுவோம். சித்திரகவியில் அதுவும் ஓர் எழுத்து, ஒரு கட்டம் அதற்கும் உண்டு. ‘காக்கா’, ‘தாத்தா’, ‘பாப்பா’, ‘தந்த’, ‘கற்க’ எல்லாம் மாலைமாற்றாக நிற்பது நடு எழுத்தாகப் புள்ளி இருப்பதால்தான். நடுவில் ஒரே ஒரு புள்ளி, இரு பக்கமும் ஒரே எழுத்து: அது தானாக அமைந்துவிடும். நடுவை விட்டு நகர்ந்தால்தான் தொல்லை. இடப்பக்கம் ‘அ-ந்-ஆ’ என்ற வரிசை (அ, ஆ என்பவை ஏதோ இரண்டு எழுத்து) இருந்தால் வலப்பக்கம் ‘ஆ-ந்-அ’ வரும். ந்-க்கு இரண்டு பக்கத்திலும் அதனோடு ஒட்டக்கூடிய த வரிசை போன்றவை நிற்க வேண்டியிருக்கும். ங், ஞ், ட், ற் எல்லாம் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும். தவிர்க்கவே முடியாவிட்டால் ய், ர், ழ் மூன்றில் ஒன்றைப் போடுங்கள். அவற்றுக்குப் பின்னால் க ச த ப ஞ ந ம ய வ எதுவும் வரும்.

பாட்டின் கடைசி எழுத்து புள்ளியாக இருக்கவே கூடாது. திருப்பினால் அதுதான் முதலெழுத்து. அதே காரணத்தால் டா, லா, ளே, ழீ, ணி என்றும் முடிக்க முடியாது, அவற்றில் சொல் தொடங்காது.

சம்பந்தர் புள்ளியோடு மல்லுக்கட்டவே இல்லை. மூன்றாம் திருமுறையில் 117-ஆம் பதிகம், சீகாழிக்குப் பாடியது, 11 பாட்டு. முதல் பாட்டு:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

28 எழுத்தும் நெடில். ஏன் நெடிலாகக் கொட்டினார் என்பதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: யாம் ஆமா, நீ ஆம் ஆம், மாயாழீ, காமா, காண் நாகா... நெடிலில் முடிகிற விளியும் ‘ஆம்’ என்ற வினையும்தான் முதுகெலும்பு. விளியில் கடைசிப் புள்ளி உதிர்ந்துவிடும்: காமன் காமா ஆகிவிடுவான். ‘காண் நாகா’ என்பதில் ண், ந இரண்டும் புணர்ந்து ‘காணாகா’ என்று ஒரே ணா ஆகிவிட்டது பாருங்கள். சந்தி உங்களைக் கவிழ்த்தது, அவருக்கு இரண்டு எழுத்தை ஒன்றாக்கிக் கொடுத்தது.


நிரல்நேசன்:

நிரல் விஷயம் மட்டும் நான். இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கும்.

முதலாவது, யூனிகோடில் ‘வா’ என்பது ஒரு குறி இல்லை. வ ஒன்று, துணைக்கால் ஒன்று. மேலே திருத்திய குறளில் எழுத்து 19, ஆனால் இடைவெளியை நீக்கிய பிறகும் பைத்தான் 34 என்று நீளம் சொல்லும். உயிர்க்குறி இல்லாதவை இரண்டு ட, இரண்டு க மட்டுமே. அந்தச் சரத்தை அப்படியே தலைகீழாக்கினால் துணைக்கால் முன்னாலும் வ பின்னாலும் வந்து குப்பையாகும். முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்கி, பிறகு பட்டியலைத் திருப்புங்கள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கென்றே செயற்கூறு இருக்கிறது.

பிரிப்பதற்கு முன் யூனிகோடு இயல்பாக்கம் ஒன்று செய்துவிடுங்கள். ‘மோ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அதைவிட மோசம் ‘கௌ’. பலர் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். அதை இயல்பாக்கமும் சரிசெய்யாது, கையால்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கோளாறு உங்கள் நிரலில் இல்லை. 8-ஆம் பாட்டில் சோதித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்:

நேணவராவிழ யாசைழியே வேகதளேரிய ளாயுழிகா
காழியுளாய ரிளேதகவே யேழிசையாழ விராவணனே

முதலெழுத்து நே, கடைசி எழுத்து னே. ‘இராவணனே’ என்று முடிக்க றன்னகரம் (ன) வேண்டும், றன்னகரத்தில் சொல் தொடங்காது, அதனால் தொடக்கத்தில் தந்நகரம் (ந). 11-ஆம் பாட்டிலும் இதே கதை, ‘நேரகழாமித’ என்று தொடங்கி ‘தமிழாகரனே’ என்று முடியும். ந, ன இரண்டையும் முதல் கடைசி இடங்களுக்கு மட்டும் ஒன்றாக எண்ணும்படி விதி வையுங்கள். எல்லா இடத்துக்கும் தளர்த்தினால் உண்மையான பிழை தப்பித்துக்கொள்ளும்.

பதிப்பையும் பாருங்கள். சொல் பிரித்து ‘ஏழிசை யாழ’ என்று அச்சிட்டிருந்தால் யே போய் ஏ வந்திருக்கும். சந்தி பிரிக்காத பாடம்தான் சோதனைக்கு உதவும்.


தளைதட்டி:

நீங்கள் அச்சாக எடுத்த தண்டி உதாரணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் இதில் முக்கியம்.

நீவாத மாதவா தாமோக ராகமோ
தாவாத மாதவா நீ

தேமாங்காய், கூவிளம், தேமாங்காய், கூவிளம். தேமாங்காய், கூவிளம், நாள். காய் முன் நேர், விளம் முன் நேர் என்று வெண்பாவுக்குரிய வெண்டளை எங்கும் தட்டவில்லை. 3, 5, 9, 11, 15, 17 ஆகிய இடங்களில் குறில், மற்ற 13 இடமும் நெடில். 10-ஆம் எழுத்து ‘ரா’ நடு. 3-க்கு 17, 5-க்கு 15, 9-க்கு 11 என்று குறில்களும் கண்ணாடிபோல் எதிரெதிரே நிற்கின்றன. அதாவது எழுத்தைத் திருப்புவதற்கு முன்பே அசையே திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. எந்த வெண்பா வாய்பாட்டையாவது எடுத்துக்கொண்டு எழுத்தை நிரப்பினால் இது நடக்காது. கடைசிச் சீரில் ‘மலர்’ வாய்பாடு ஒற்றில் முடிந்தால் திருப்பும்போது அந்த ஒற்று முதலெழுத்தாகிவிடும். ‘காசு’, ‘பிறப்பு’ வந்தால் கடைசிக் குற்றியலுகரம் முன்னால் வந்து அசையைக் கலைக்கும். ‘நாள்’ வாய்பாட்டில், அதுவும் ஒற்றில்லாத ஓரெழுத்து நெடிலில் முடிப்பது ஒன்றே பத்திரம். நீ, வா, தா, போ, சே, மா, பூ என்று ஓரெழுத்துச் சொல் தமிழில் நிறைய.

உங்கள் கையில் இருப்பது 10 எழுத்துதான். மீதி 9 தானாக வரும். எழுதும்போது முதலில் பிடிக்க வேண்டியது முதலடி இல்லை, கடைசி நாலு எழுத்து. ‘நாடவா நீ’ என்று முடிவு கிடைத்ததும் ‘நீவாட’ தொடக்கமாகிவிட்டது. பிறகு நடு 7 எழுத்து, அதுவே தனியொரு மாலைமாற்று: ‘வாமேக ராகமே வா’. இரண்டையும் இணைக்கும் 5, 6 ஆகிய இரண்டு எழுத்து மட்டும் கடைசியில். திருப்பினாலும் சொல்லாகும் ஜோடியைத் தேடுங்கள். ‘டுதே’ திரும்பினால் ‘தேடு’. ‘வாலவே’ திரும்பினால் ‘வேலவா’. பாம்பன் சுவாமிகளின் சஸ்திரபந்தம் (வேல் வடிவில் எழுதும் சித்திரகவி) அந்த வாலவே-யில் தொடங்கி அந்த வேலவா-வில் முடிகிறது.

ஒரு குறை. தண்டி உதாரணத்தில் நீவாத, தாவாத என்று எதுகை இருக்கிறது. இரண்டாமடியின் இரண்டாம் எழுத்து என்பது 6-ஆம் எழுத்தின் நிழல். ஆகவே எதுகை வேண்டுமானால் 2-ஆம் எழுத்தும் 6-ஆம் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே ‘மாதவா’ இரண்டு தடவை வருவது அதனாலும்தான்: 2, 6 இரண்டும் வா, 3, 5 இரண்டும் த. உங்கள் பாட்டில் வா, தே என்று நிற்கிறது, எதுகை இல்லை. குறள் வெண்பாவுக்கு அது குற்றமாகாது. கட்டாயம் வேண்டுமென்றால்:

நீவாட நாடவா வாமேக ராகமே
வாவாட நாடவா நீ

எதுகை வந்தது, ‘தேடு’ போனது, அர்த்தம் பாதி கரைந்தது. 10 சுதந்திரத்தில் ஒன்றை விற்றால் இப்படித்தான்.


கட்டக்காரன்:

‘வாதேடு நாடவா’ பதிப்பையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ‘நாடுதே’க்கு எழுவாய் எங்கே? எது நாடுகிறது? பேச்சு வழக்கு வேறு. பொருள் எழுதும்போது கை நடுங்குகிறது.


ஏட்டுக்கட்டு:

எழுவாயை வெளியே தேடாதீர்கள், வேறு மாதிரி வெட்டுங்கள். ‘நாடுதே வா’ இல்லை, ‘நாடு, தேவா’!

நீ, வாட நாடு, தேவா, மேக ராகமே, வா, தேடு, நாட வா நீ.

நாடு வாடும்போது, தேவா, மேக ராகமே, நீ வா, எங்களைத் தேடு, நாடி வா. மழைக்குப் பாடும் ராகத்தை அழைப்பதாகி விடுகிறது. ‘வாட நாடு’ என்று முறை மாறி வருவதைச் செய்யுளில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சீர் ஓரிடத்தில் முடியும், சொல் வேறிடத்தில் முடியும். மாலைமாற்றின் உரை முழுக்க இந்த வகையுளியை நம்பித்தான் பிழைக்கிறது. சம்பந்தரின் 8-ஆம் பாட்டில் இரண்டாமடியை வாசித்தால் ‘ஏழிசை யாழ இராவணனே’ என்று தெளிவாகக் காதில் விழும். முதலடி அதன் நிழல், அதற்கு உரைகாரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டடியில் ஒன்று தெளிவாக இருந்துவிட்டால் மற்றது உரையில் நின்றுகொள்ளும் என்பது என் கணக்கு.

பக்கத்தில் போடும்போது பாட்டைச் சீர் பிரித்து ஒரு தடவை, சொல் பிரித்து ஒரு தடவை அச்சிடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு வித்தையே தெரியாது.


தளைதட்டி:

கட்டம் போட்டுக் காட்டச் சுழிகுளம் போதும். பாம்பு, தேர் வடிவில் எழுத்தை நிரப்பும் நாகபந்தம், தேர்பந்தம் எல்லாம் படம் வரைபவர் கையில் மாட்டிக்கொள்ளும். எந்தச் சந்திப்பில் எந்த எழுத்துப் பொது என்று தெரியாமல் அழகுக்காக ஒரு வளைவைக் கூட்டிவிடுவார்கள், பாட்டு செத்துப்போகும். சுழிகுளத்துக்கு அடிக்கோல் இருந்தால் போதும், 8 பத்தி, 4 வரிசை. தண்டியின் உதாரணம்:

க | வி | மு | தி | யா | ர் | பா | வே
வி | லை | ய | ரு | மா | ந | ற் | பா
மு | ய | ல் | வ | து | று | ந | ர்
தி | ரு | வ | ழி | ந் | து | மா | யா

வரிசையாகப் படித்தால் ‘கவிமுதி யார்பாவே விலையரு மாநற்பா’: கவியில் முதிர்ந்தவர் பாட்டே விலைமதிக்க அரிய நல்ல பாட்டு. இனி முதல் பத்தியில் மேலிருந்து கீழே இறங்கி, எட்டாம் பத்தியில் கீழிருந்து மேலே ஏறுங்கள்: க வி மு தி, யா ர் பா வே. முதல் வரியே திரும்ப வருகிறது. அடுத்து இரண்டாம் பத்தி இறங்கி ஏழாம் பத்தி ஏறினால் இரண்டாம் வரி. மூன்றும் ஆறும், நாலும் ஐந்தும் அப்படியே. வெளியிலிருந்து உள்ளே சுழல்கிறது, குளத்து நீர்ச்சுழிபோல.

எழுதும் முறைக்கு இதை நடுவில் வெட்டி இரண்டு 4-க்கு-4 சதுரமாகப் பாருங்கள். இடச் சதுரம் மேல்-இடமிருந்து கீழ்-வலம் போகும் மூலைக்கோட்டில் மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று படியும். வலச் சதுரத்துக்கு மூலைக்கோடு எதிர்த்திசையில். மூலைக்கோட்டில் இருக்கும் 4 எழுத்து ஒரு தடவைதான் வரும், மற்ற 6 எழுத்து இரண்டு தடவை. எனவே சதுரத்துக்கு 10, மொத்தம் 32 கட்டத்தில் 20 மட்டுமே நீங்கள் தேர்ந்தெடுப்பது.

புள்ளியை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதிலும் இந்தக் கட்டத்திலேயே இருக்கிறது. ல், ற், ந் மூன்றும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? மூன்றும் மூலைக்கோட்டில். மூலைக்கோட்டுக்கு வெளியே இரண்டு தடவை வரும் ஒரே புள்ளி ர். மேலே ஏட்டுக்கட்டு சொன்ன ய், ர், ழ் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு தடவை ‘யார்பாவே’யில் நடுவிலும், இன்னொரு தடவை ‘துறுநர்’ என்று கடைசியிலும் அது சங்கடமில்லாமல் நிற்கிறது. நீங்களும் அதே இடங்களில் வையுங்கள்.

அச்சில் ஒரு விஷயம். தமிழ் எழுத்துகள் அகலத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை, ‘ர்’ ஒடிசல், ‘ணௌ’ ஒரு முழம். இடைவெளி தட்டி வரிசைப்படுத்தினால் பத்தி கோணிக்கொள்ளும். அட்டவணை போட்டு, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அகலம் கொடுத்து, எழுத்தை நடுவில் நிறுத்துங்கள்.


இதழகல்:

குறள் 341 பற்றி. பெட்டிச் செய்தியில் ‘உதடு ஒட்டாத’ என்று போட்டால் சரி, ‘நிரோட்டகம்’ என்று போட்டால் தவறு.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

ப, ம, வ இல்லை, எனவே உதடு எங்கும் ஒட்டாது, உண்மைதான். ஆனால் நிரோட்டகத்தில் உதடு குவியவும் கூடாது: உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் விலக்கு. ‘நோதல்’ என்று சொல்லும்போது கண்ணாடியைப் பாருங்கள், உதடு குவிகிறது. அந்த ஓர் எழுத்தால் குறள் தவறிவிடுகிறது. நிரோட்டகத்தில் உண்மையான கஷ்டம் ப, ம, வ-வைத் தவிர்ப்பதல்ல, உகரத்தைத் தவிர்ப்பது. அது, இது, வந்து, எடுத்து, ஆறு, காற்று என்று தமிழ்ச் சொற்களில் பெரும்பங்கு உகரத்தில் முடிகிறது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் நிரோட்டகத்தையும் யமகத்தையும் (ஒரே எழுத்துத்தொடர் வேறு பொருளில் திரும்ப வருவது) சேர்த்து ஓர் அந்தாதியே பாடினார். ‘முருகா’ என்று ஒரு தடவைகூடக் கூப்பிட முடியாமல்.

புதிர்ப் பக்கத்துக்கு என் பரிந்துரை கோமூத்திரி. வாசகர் தானே நிரப்பலாம். நடந்துகொண்டே மாடு பெய்த மூத்திரக்கோடு மாதிரி மேலும் கீழும் நெளியும், பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். தண்டி உதாரணத்தின் முதலடியையும் மூன்றாமடியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்:

ப | ரு | வ | மா | க | வி | தோ | க | ன | மா | லை | யே
ம | ரு | வு | மா | சை | வி | டா | க | ன | மா | லை | யே

2, 4, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் இரண்டு வரியும் ஒன்று. 9, 11 ஒன்றாக இருப்பது உபரி, விதி அதைக் கேட்கவில்லை. அதனால் மேல் வரியில் தொடங்கி ஓர் எழுத்து மேலே, ஓர் எழுத்துக் கீழே என்று நெளிந்து போனாலும் ப ரு வ மா என்றே வரும். இரண்டாமடிக்கும் நாலாமடிக்கும் இதே உறவு. அச்சிடும்போது கீழ் வரியின் இரட்டைப்படை இடம் ஆறையும் காலியாக விடுங்கள். விதியைக் கண்டுபிடித்தவர் அரை நிமிடத்தில் நிரப்பிவிடுவார்.